மீஞ்சூர்க் கிணறுகளில் உப்பு ஏறிய வரலாறு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்ரயிலில் அமர்ந்தால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தப் பாதை இரண்டு ஆறுகளைக் கடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசத்தலையாறு ஒன்று. பொன்னேரியை ஒட்டி ஓடிப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கும் ஆரணியாறு மற்றொன்று. ஆண்டுக்குச் சராசரியாக 1100 மி.மீ. அளவில் மழை பெறும் நிலம் இது. ஏரிகளுக்கும் குறைவில்லை. ஆயினும் மீஞ்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், வீட்டு வாசல்தோறும் 20 லிட்டர் குடிநீர்க் கேன்களைக் காணலாம். கொல்லையில் கிணறு இருக்கும். அதில் தண்ணீரும் இருக்கும். ஆனால் அதை வாயில் வைக்க முடியாது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள ஊரில் தண்ணீரை விலைக்கு வாங்கும் நிலை எப்படி வந்தது? இதற்கு விடை காண நிலத்துக்குக் கீழேயும் பார்க்க வேண்டும், வீட்டுக் கொல்லைக்குள்ளும் பார்க்க வேண்டும்.

மணலுக்குள் ஓடும் ஆறு

கொசத்தலையாற்றுக்குப் பழைய பாலாறு என்ற பொருள்படும் வடமொழிப் பெயர் ஒன்று உண்டு. பாலாறு இன்றுள்ள தன் போக்குக்குத் திரும்புவதற்கு முன் வடகிழக்காக இவ்வழியே ஓடிக் கடலடைந்தது என்பது நிலவியலார் கருத்து. இவ்வளவு சிறிய ஆற்றின் இரு மருங்கிலும் இவ்வளவு அகலமான மணலும் கூழாங்கல்லும் படிந்து கிடப்பதற்கு அதுவே தக்க விளக்கம். பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில், 1863-இல், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலறிஞர் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு கணித்தது. கல்லாயுத மனிதனும் ஆற்றங்கரையைத்தான் தேடி வந்திருக்கிறான்!

மணற்படுகை என்பது ஒரு நீர்த்தேக்கம். மணலின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அங்கே தண்ணீர் தங்கும்; வெயில் அதைத் தொடாது. திறந்த ஏரியிலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 5, 6 மி.மீ. உயரத்துக்கு நீர் ஆவியாகிப் போகிறது. மணலுக்குள் சில அடி ஆழத்தில் கிடக்கும் நீருக்கு அந்த இழப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இப்பகுதி மக்கள் ஏரியைப் பயிருக்கும் கிணற்றை வீட்டுக்கும் கொல்லைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

அக்காலத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவி ஏற்றம். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். தொடர்ந்து உழைக்கும் மனிதன் ஒருவனின் திறன் சுமார் 75 வாட். நான்கு மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்தால், விநாடிக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவாகவே அவனால் மேலே கொண்டுவர முடியும். இத்தனைச் சால் என்று எண்ணிப் பாடிக்கொண்டே இறைத்த தண்ணீர் அது. வீட்டிலும் அப்படித்தான். வாளியில் கயிறு கட்டி இராட்டினத்தில் இழுத்த தண்ணீரைக் கீழே கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? கிணற்றடியில் குளித்த நீரும் துவைத்த நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் சேம்புக்கும் போகும். அரிசி கழுவிய கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு. மழைக்காலத்தில் கூரை விளிம்பின் கீழ் அண்டாக்கள் வரிசையாக நிற்கும். நான்கு கம்புகளில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் கல்லைப் போட்டுத் தாழச் செய்து, அதன் வழி வடியும் மழைநீரைக் குடத்தில் பிடிப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் முன்னோரின் தனி ஞானம் என்று போற்றுவதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. கை வலித்தது, ஆகவே சிக்கனம் இருந்தது. அவ்வளவே.

நகரத்தின் தாகம்

சென்னை நகரம் முதலில் தன் கிணறுகளையே நம்பி இருந்தது. ஜார்ஜ் கோட்டைக்கு நீர் தர ஏழு கிணறு திட்டம் 1772-இல் அமைந்தது. மக்கள் பெருகியதும் நகரம் வடமேற்கே பார்வையைத் திருப்பிற்று. தாமரைப்பாக்கத்தில் கொசத்தலையாற்றை மறித்துச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பி, 1872-இல் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த மண்வாய்க்காலில் கொண்டுபோனார்கள். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் 1914-இல் வந்தன. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அதற்கு முயன்ற சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

ஆற்றின் மேல்நீர் இவ்வாறு போயிற்று. அடுத்தது அடிநீர். 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தது. தொழிற்சாலைக்கு நாள் தவறாமல் நீர் வேண்டும். ஏரியோ மழையைப் பொறுத்தது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு-கொசத்தலையாறு வடிநிலம் முழுவதும் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் வளமான நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. 1969 முதல் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் இயங்கலாயின. மீஞ்சூரின் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று.

குழாய்க் கிணறுகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அதே ஆண்டுகளில் கிராமங்களுக்கு மின்சாரம் வந்து, வயல்தோறும் பம்ப்செட் ஓடத் தொடங்கியது. 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது 3730 வாட். ஏற்றத்தின் மேல் ஐம்பது பேர் நிற்பதற்குச் சமம். அந்த ஐம்பது பேருக்கும் களைப்பு கிடையாது. காற்றழுத்தம் 10.3 மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தாங்காது என்பது டாரிசெல்லியின் காலந்தொட்டு அறிந்த உண்மை. எனவே தரைமேல் வைத்த பம்ப் நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. இயற்கை வைத்த ஒரு வரம்பு என்று இதைக் கொள்ளலாம். நீர்மட்டம் இறங்கியபோது விவசாயிகள் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. அது நீரை உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. அந்த வரம்பும் போயிற்று.

ஒன்றுக்கு நாற்பது

கடற்கரை மணலில் நன்னீரும் உப்புநீரும் எப்படி அடுத்தடுத்து இருக்கின்றன? ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' எழுத்துப் போல வளைத்து, முதலில் சாயம் கலந்த கடல்நீரை ஊற்றுங்கள். பிறகு ஒரு புயத்தில் மட்டும் நன்னீரை மெல்ல ஊற்றுங்கள். இரண்டு நீரும் சந்திக்கும் மட்டத்திலிருந்து அளந்தால், 40 செ.மீ. கடல்நீரைத் தாங்கி நிறுத்த 41 செ.மீ. நன்னீர் தேவைப்படும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அதிகம் என்பதே காரணம்.

நிலத்தடியிலும் இதே கணக்குத்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். அதற்கும் கீழே உப்புநீர். இதனை நெதர்லாந்தில் படான் கீபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்டு கூறினர். இந்த விதியைத் திருப்பிப் படித்தால்தான் அதன் கொடுமை புரியும். நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 40 மீட்டர் ஏறிவிடும்! இது அசைவற்ற சமநிலைக்கு உரிய கணக்கு. களிமண் அடுக்குகள் உள்ள இடத்தில் சற்று மாறும். ஆனால் மீஞ்சூரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் அன்று, கடல் மட்டத்துக்கும் பல மீட்டர் கீழே போய்விட்டது. கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த நிலத்தடி நீர் திசை மாறி, கடலிலிருந்து ஊரை நோக்கி வரத் தொடங்கியது.

1969-இல் உப்புநீரின் எல்லை கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் அது 9 கி.மீ. அளவை எட்டியதாக ஆய்வுகள் கூறின. பின்னர் வந்த ஆய்வுகள் பத்து கிலோமீட்டரையும் தாண்டிவிட்டதாகக் காட்டுகின்றன.

உப்பு மிகக் கொஞ்சம் கலந்தாலே போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீரில் 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 1000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீராக இருந்தால் அந்த எல்லை தொட்டாயிற்று. நெல்லும் காய்கறியும் அதற்கு முன்பே வாடும். வந்த உப்பு எளிதில் திரும்புவதுமில்லை. நிலத்தடி நீர் ஆற்றைப் போல ஓடுவதன்று. மணல் துகள்களிடையே ஆண்டுக்குச் சில மீட்டர், சில நூறு மீட்டர் என்ற கணக்கில் நகர்வது. மேலும் உப்பின் சோடியத்தைக் களிமண் பற்றிக்கொள்கிறது. பதினைந்து ஆண்டில் கெட்டது பதினைந்து ஆண்டில் சரியாகும் என்று எதிர்பார்க்க இயலாது.

சட்டமும் சந்தையும்

அரசு வாளாவிருக்கவில்லை. கடலுக்கு அருகில் உள்ள இறைப்பைக் குறைத்து, மேற்கே பூண்டி, கன்னிகைப்பேர் ஆகிய இடங்களில் 1987-இல் புதுக் குழாய்க் கிணறுகள் அமைத்தார்கள். நகரத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. 1983-இல் ஆந்திராவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டியை வந்தடைந்தது. ஆயினும் 2000களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில், குடிநீர் வாரியம் இப்பகுதி விவசாயிகளின் பம்ப்செட்டிலிருந்தே விலைக்கு நீர் வாங்க நேர்ந்தது. 2019 வறட்சியிலும் அவ்வாறே. பயிர் செய்வதைவிடத் தண்ணீரை விற்பது மேல் என்று ஒரு விவசாயி முடிவு செய்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் அவர் கிணற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நீர்.

2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. இயற்பியல் படித்தவனுக்கு இதில் ஒரு கணக்கு உறுத்தும். 1000 லிட்டர் நீரைப் பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஏற்ற 98,000 ஜூல் ஆற்றல் போதும். பம்பின் திறனில் பாதி வீணானாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் 18,000 லிட்டர் ஏற்றலாம். அதே 1000 லிட்டரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்க 3 முதல் 4 யூனிட் செலவாகிறது. ஐம்பது மடங்குக்கு மேல். எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் இது ஓர் அளவுக்குக் கீழே குறையாது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 வளிமண்டல அழுத்தம். அதாவது ஏறத்தாழ 280 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். ஒரு கிணறு முழுவதும் கடல்நீராக மாறிவிட்டால், அதன் நன்னீர் 280 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும், எட்டிப் பார்த்தால் பத்தடியில் தெரிந்தாலும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டு ஆலைகளும் பல. வெப்பத்தைத் தணிப்பதற்கே இவற்றுக்கு நீர் வேண்டும். ஒரு லிட்டர் நீரைப் பத்து டிகிரி சூடாக்கி வெளியே விட்டால் 42 கிலோஜூல் வெப்பம் நீங்குகிறது. அதே நீரைக் குளிர்விக்கும் கோபுரத்தில் சுற்றவிட்டு ஆவியாக்கினால் சுமார் 2400 கிலோஜூல் நீங்கும். ஒரு முறை பயன்படுத்திச் சாக்கடையில் விடும் ஆலை, சுழற்சி முறை ஆலையைவிடப் பல மடங்கு நீர் குடிக்கும் என்பது இதனால் விளங்கும். மணலியின் பெரிய ஆலைகள் 1990களிலேயே நகரச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையமும் வந்தது. கிணற்றுநீரை ஆலைக்குக் கொடுத்து, கேன் நீரை மனிதன் குடித்த காலத்துக்கு இது ஓரளவு கழுவாய். கும்மிடிப்பூண்டிப் பக்கமே 2020-இல் தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 50 கோடி கன அடிக் கொள்ளளவுடன் திறக்கப்பட்டது. அதுவும் சென்னைக் குடிநீருக்கே.

கொல்லையின் கணக்கு

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1100 மி.மீ. பெய்தால் 1,10,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 88,000 லிட்டர் மிஞ்சும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 14,600 லிட்டரே தேவை. ஆறு மடங்கு நீர் தலைக்கு மேலேயே விழுகிறது!

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் அவசரச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பல வீடுகளில் அது ஒரு குழாயும் கருங்கல் ஜல்லி போட்ட ஒரு குழியுமாக முடிந்துபோயிற்று. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் மேலே பல இடங்களில் களிமண். மூன்றடிக் குழி தோண்டினால் களிமண்ணில் நீர் இறங்காது. குட்டையாகத் தேங்கிக் கொசுதான் வளரும். குழியிலிருந்து மணல் அடுக்கு வரை துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். அதைவிட எளிது, கொல்லையில் உள்ள பழைய கிணறு. மணல், ஜல்லி அடுக்கிய சிறு தொட்டி வழியே மாடி நீரைக் கிணற்றில் விட்டால் மேல்மட்ட நீர் இனிப்பதைச் சில பருவங்களில் காணலாம். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வருமாதலால் அதை வெளியே திருப்பிவிட வேண்டும். ஆழத்தில் களிமண்ணுக்குக் கீழே உள்ள உப்புநீரை இந்த மாடிநீர் தொடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த அடுக்குக்கு நீர் இறங்கும் வாயில் மேற்கே, தாமரைப்பாக்கம், பூண்டிப் பக்கத்து ஆற்று மணலில் இருக்கிறது. அந்த மணலை லாரியில் ஏற்றி வீடு கட்டிவிட்டால், மீஞ்சூரில் எத்தனைக் குழி தோண்டியும் பயனில்லை.

தோட்டத்துக்குத் தனியாக நல்ல நீர் வேண்டுமா? இருபது சதுர மீட்டர் கொல்லையில் கோடைக்கால ஆவியாதல் நாளுக்கு 6 மி.மீ. என்றால் 120 லிட்டர் தேவை. ஐந்து பேர் குளித்த நீர் மட்டுமே இருநூறு லிட்டருக்குக் குறையாது. வாழையும் கல்வாழையும் சேம்பும் அதை மகிழ்ந்து ஏற்கும். சோப்புத் தூள் கரைந்த துணி நீரை மட்டும் கீரைப்பாத்திக்கு விட வேண்டாம். அதிலும் சோடியம் உண்டு, அது களிமண்ணை இறுக்கிவிடும். மாலையில் நீர் ஊற்றி, செடியடியில் சருகோ தேங்காய் நாரோ பரப்பினால் 120 லிட்டர் என்பதும் குறையும். சுட்ட, வண்ணம் பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி வைத்தால், மண் காயும் அளவுக்கு ஏற்பத் தானே கசிந்து கொடுக்கும். மோட்டாரும் வேண்டாம், நினைவும் வேண்டாம்.

உப்பு ஏறிய ஊர்களில் வீட்டுச் சவ்வூடு வடிகட்டி பரவலாகி வருகிறது. இது உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் கழிவாகத் தள்ளுகிறது. அந்த நீரைச் செடிக்கு விடக் கூடாது. உப்பு அதில் கூடுதலாக இருக்கும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படும். ஒழுகும் குழாயையும் விட்டுவிட வேண்டாம். விநாடிக்கு ஒரு துளி, இருபது துளிக்கு ஒரு மில்லிலிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளைக்கு நாலே கால் லிட்டர். ஆண்டில் 1500 லிட்டருக்கு மேல். எழுபத்தைந்து கேன்!

மாணவர்கள் செய்து பார்க்க ஒன்று உண்டு. முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி என்று மாதம் ஒரு முறை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், அளந்து எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓர் அளவு, தை பிறந்ததும் ஓர் அளவு கட்டாயம் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசல் இருக்கும்; ஆசிரியரைக் கேட்டு அதே நீரில் இரண்டு சொட்டு விட்டு, வெண்மை எவ்வளவு கலங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து கடற்கரைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தாளின் தலைப்பில் எழுத மறக்க வேண்டாம்.